முதல் விமானத்தின் எஞ்சினைச் செய்தவர்

1903ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆந் திகதி, அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரையிலுள்ள கிட்டி ஹோக் மணல்வெளியிலே, எஞ்சின் பூட்டிய ஓர் இயந்திரம் மனிதனைச் சுமந்துகொண்டு மேலெழுந்தது. முதன்முறை 12 வினாடிகளில் 120 அடி தூரம் பறந்தது; அன்றைய நாலாவது முயற்சியில் 59 வினாடிகளில் 852 அடி சென்றது. வில்பர் ரைட், ஓர்வில் ரைட் ஆகிய சகோதரர் இருவரும் அன்றே சரித்திர புருஷர்களாயினர். ஆனால் அந்த இயந்திரத்தை இழுத்துச் சென்ற எஞ்சினைத் தன் கைகளாற் செய்தவர் அன்று அங்கு இல்லை. பல நூறு மைல்களுக்கு அப்பால், ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரிலே அவர் இருந்தார்.

அவர் பெயர் சார்ள்ஸ் டெய்லர். 1868ஆம் ஆண்டு மே 24இல் இலினோய் மாநிலத்திற் பிறந்தவர். பன்னிரண்டு வயதிலேயே பள்ளியை விட்டு, ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். பின்னர் இயந்திரத் தொழிலைக் கற்றார். 1894இல் மணம் புரிந்தார். காலப்போக்கில் மூன்று பிள்ளைகளுக்குத் தந்தையானார். பிழைப்பைத் தேடி டேட்டனுக்குக் குடிபெயர்ந்து, பயிர்த்தொழிற் கருவிகள் செய்யும் தொழிற்சாலையிலும் பிற பட்டறைகளிலும் உழைத்தார்.

1901ஆம் ஆண்டு ஜூன் மாதம் ரைட் சகோதரர் அவரைத் தம் சைக்கிள் கடைக்கு அழைத்தனர். அதுவரை அவருக்குக் கிடைத்த கூலி மணிக்கு 25 சதம். அவர்கள் 30 சதம் தருவதாகச் சொன்னார்கள். கடை வீட்டிலிருந்து சில தெருக்களுக்கு அப்பால்தான் இருந்தது. டிராம் வண்டிக் காசு மிச்சமாகும். மத்தியானச் சாப்பாட்டுக்குச் சைக்கிளில் வீட்டுக்குப் போய் வரலாம். இந்தக் கணக்கெல்லாம் பார்த்துத்தான் அவர் சம்மதித்தார். ஒரு குடும்பஸ்தனின் சிக்கனக் கணக்கே அவரை ஆகாய விமானத்தின் சரித்திரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தது!

பறக்கும் இயந்திரத்தைக் காற்றிலே சமநிலையில் வைத்து நடத்தும் முறையைக் கண்டது சகோதரர்களின் பேராற்றல். அதை யாரும் குறைத்து மதிப்பிடவேண்டியதில்லை. ஆனால் எஞ்சின் இல்லாமல் மேற்கொண்டு செல்ல வழியில்லை. எட்டுக் குதிரைவலுவேனும் தரக்கூடிய, பாரங்குறைந்த எஞ்சின் ஒன்று வேண்டுமென்று அவர்கள் பல கம்பனிகளுக்கு எழுதிப் பார்த்தனர்; தக்கதொன்று கிடைக்கவில்லை. ஆகவே அந்த வேலை டெய்லரின் தலையில் வந்து விழுந்தது. அதற்கு முன் மோட்டார் எஞ்சினோடு அவருக்கிருந்த பரிச்சயம் மிகச் சொற்பம். பட்டறையில் இருந்தவையோ ஒரு கடைசல் இயந்திரம், ஒரு துளையிடும் இயந்திரம், சில கைக்கருவிகள். முறையான வரைபடங்கூட இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் துண்டுக் காகிதத்திற் கீறி, வேலை மேசைக்கு மேலே குத்திவைத்துக்கொண்டு செய்தார்கள்.

எஞ்சினின் சுழற்சித் தண்டை அவர் செய்த விதம் ஒன்றே அவரின் திறமைக்குப் போதிய சான்று. சுமார் நூறு இறாத்தல் நிறையுள்ள உருக்குப் பாளத்தை எடுத்து, தண்டின் வடிவத்தை அதன்மேற் கீறி, ஓரமெங்கும் துளைகள் இட்டு, வேண்டாத பகுதிகளை உளியால் தட்டி நீக்கி, பின்னர் கடைசலிற் கொடுத்துக் கடைந்தெடுத்தார். எஞ்சியது 19 இறாத்தல். எஞ்சினின் உடலை மட்டும் உள்ளூர் வார்ப்பாலை ஒன்று அலுமினியத்தில் வார்த்துக் கொடுத்தது. ஆறே வாரங்களில் நாலு சிலிண்டர் எஞ்சின் தயாராயிற்று. 1903 பெப்ரவரியில் அதை ஓட்டிப் பார்த்தபோது இரண்டாம் நாளே உடல் வெடித்துப் பழுதாயிற்று. மனம் தளராமல் மறுபடி வார்ப்பித்துப் பூட்டினார்கள். எட்டுக் குதிரைவலு கேட்ட இடத்தில் பன்னிரண்டு குதிரைவலு கிடைத்தது!

அதன் பின்னரும் எஞ்சின்களைச் செய்வதும் பேணுவதும் அவர் பொறுப்பாகவே இருந்தன. 1908 செப்டெம்பர் 17இல், வாஷிங்டனுக்கு அருகே போர்ட் மையரில் ஓர்வில்லின் விமானம் வீழ்ந்து லெப்டினன்ட் செல்பிரிட்ஜ் உயிரிழந்தபோது, சிதைவை நோக்கி ஓடியவர்களுள் டெய்லரும் ஒருவர். 1911இல் கல்பிரெய்த் ரொட்ஜர்ஸ் அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே பறந்து கடக்க முனைந்தபோது, தரையிலே ரயிலிற் பின்தொடர்ந்து விமானத்தைப் பழுதுபார்க்க, நாளொன்றுக்குப் பத்து டொலர் கூலிக்கு அமர்ந்தார். தானும் பறக்கப் பழகவேண்டுமென்ற ஆசை அவருக்கிருந்தது. ஆனால் பட்டறையில் அவர் இன்றியமையாதவர் என்பதால் அந்த ஆசை நிறைவேறவில்லை. பறக்கவைத்தவருக்குப் பறக்க அனுமதி இல்லை.

1920களின் இறுதியில் அவர் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். வாழ்நாட் சேமிப்பைக் காணியில் முதலிட்டு இழந்தார். பொருளாதார மந்தம் நாட்டையே வாட்டிய அக்காலத்தில், 1930இல், மனைவியும் காலமானார். எழுபது வயதை நெருங்கிய அந்த மனிதர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் விமானத் தொழிற்சாலை ஒன்றிலே சாதாரணத் தொழிலாளியாக நின்றார். கூலி மணிக்கு 37 சதம். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சைக்கிள் கடையில் அவர் பெற்றது 30 சதம் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். இடைப்பட்ட காலத்தில் ஆகாய விமானம் மாபெருங் கைத்தொழிலாக வளர்ந்து, முதலாளிகளுக்குக் கோடி கோடியாக ஈட்டிக் கொடுத்திருந்தது. பக்கத்தில் நின்று வேலைசெய்தவர்களுக்கோ அந்தக் கிழவர் யாரென்றே தெரியாது.

ரைட் சகோதரரின் பழைய கடையை மிச்சிகன் மாநிலத்துத் தம் நூதனசாலைக் கிராமத்திற்குக் கொண்டுசென்று புதுப்பிக்க ஹென்றி போர்ட் முனைந்தபோதே டெய்லர் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டார். சில ஆண்டுகள் அங்கே வேலை கிடைத்தது. 1945இல் மாரடைப்பு வந்தது; அதன்பின் அவரால் உழைக்க முடியவில்லை. 1948இல் இறந்த ஓர்வில், ஆண்டுக்கு 800 டொலர் அவருக்குச் சேரவேண்டுமென்று மரண சாசனத்தில் எழுதிவைத்திருந்தார். ஆனால் விலைவாசி ஏறிய வேகத்தில் அது போதவில்லை. 1955இல் ஒரு பத்திரிகையாளர் அவரைக் கண்டது லொஸ் ஏஞ்சல்ஸ் வைத்தியசாலையின் தர்ம விடுதியிலே. செய்தி வெளியான பின்னரே விமானத் தொழிலார் பணம் திரட்டித் தனியார் மருத்துவ மனைக்கு மாற்றினர். 1956 ஜனவரி 30இல், ஓர்வில் மறைந்து சரியாக எட்டு ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், தமது 87ஆவது வயதில் அவர் கண்மூடினார்.

இக்கதையிலே கொடியவர் எவருமில்லை. ரைட் சகோதரர் அவரை மதித்தனர். ஓர்வில் இறக்கும்போதும் மறக்கவில்லை. அப்படியிருந்தும் அவர் தர்ம விடுதிக்கே போய்ச் சேர்ந்தார். தனிமனிதரின் நல்லெண்ணம் எவ்வளவு இருந்தாலும், உழைப்பாளியின் முதுமைக்கு அது காவலாக மாட்டாது என்பதையே இது காட்டுகின்றது. இன்று அமெரிக்காவில் அவர் பிறந்த மே 24ஆந் திகதி விமானப் பராமரிப்புத் தொழிலாளரின் நாளாக நினைவுகூரப்படுகின்றது. ஐம்பது ஆண்டுகள் அத்தொழிலில் நிலைத்தவர்களுக்கு அவர் பெயரால் விருதும் வழங்கப்படுகின்றது. நல்லதே. ஆயினும் இறந்தபின் வரும் விருதைக் காட்டிலும், உயிரோடு இருக்கையில் உரிமையாகக் கிடைக்கும் ஓய்வூதியமே டெய்லர் போன்றவர்களுக்குத் தேவைப்பட்டது. அது பிறர் இரங்கிக் கொடுக்கும் தருமமன்று. அவர்களுக்குச் சேரவேண்டிய கூலியின் மிச்சம்.