எருதும் உழவனும்: பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியத்திற் கிராம வாழ்க்கை

ஒரு காலத்து மக்கள் எதனைப் பெரிதென மதித்தனர் என்பதை அக்காலத்து ஓவியங்களின் அளவே பல வேளைகளிற் புலப்படுத்தும். பிரான்சு தேசத்தின் அரச ஓவியக் கழகத்தைச் சேர்ந்த பெலிபியன் என்பார் 1667 ஆம் ஆண்டில் ஓவியப் பொருள்களைத் தரப்படுத்தினார். கனிகளும் மலர்களும் கடைநிலையில் வைக்கப்பட்டன. அவற்றின்மேல் நிலக்காட்சியும், அதன்மேல் விலங்குகளும், அதன்மேல் மனித உருவமும் அமைந்தன. சரித்திரமும் புராணமும் உச்சியில் நின்றன. ஆகவே பெருந்திரைகள் தேவர்க்கும் வேந்தர்க்கும் உரியனவாயின. எருதும் உழவனும் சிறு சட்டங்களுள் அடங்கிக் கிடந்தனர்.

இம்முறையைக் குலைத்தது 1848 ஆம் ஆண்டுப் புரட்சியாகும். அதற்கு முன்னர் வாக்குரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேரே. வளர்ந்த ஆடவர் யாவர்க்கும் வாக்குரிமை வழங்கப்பட்டதும் அத்தொகை தொண்ணூறு இலட்சமாக உயர்ந்தது. அவர்களுட் பெரும்பாலார் கிராமத்தவர். அதுவரை அரசியலில் எண்ணப்படாதிருந்த உழவன், ஒரே ஆண்டில் அரசை ஆக்கவும் அழிக்கவும் வல்லவனானான். மறுபுறத்தில், 1801 இல் ஐந்தரை இலட்சம் பேர் வாழ்ந்த பாரிஸ் மாநகரம் 1851 இற் பத்து இலட்சத்தைத் தாண்டிற்று. கிராமத்தை விட்டு வந்தோர் அதனை ஏக்கத்தோடு நினைந்தனர். நகரத்துச் செல்வரோ அதனை ஐயத்தோடு நோக்கினர். இவ்விரு உணர்ச்சிகளுக்கும் இடையிலேயே புதிய ஓவியம் பிறந்தது.

1848 இற் குடியரசு அரசாங்கம் றோசா பொனர் என்னும் பெண் ஓவியரிடம் 3,000 பிராங்கிற்கு ஓர் உழவுக் காட்சியை வரையும்படி பணித்தது. அடுத்த ஆண்டு சலோன் என வழங்கிய அரச கண்காட்சியில் "நிவர்னேயில் உழவு" வைக்கப்பட்டுப் பெரும் புகழீட்டியது. நுகத்திற் பூட்டிய எருதுகள் நிரையாக மேட்டு நிலத்தில் ஏறுகின்றன; புரண்ட மண்கட்டிகள் வெயிலில் மின்னுகின்றன. ஆயின் உழவர்களின் முகங்கள் தெளிவாகத் தெரிவதில்லை. எருதுகளே அவ்வோவியத்தின் தலைவர்கள்.

1853 இல் அவர் காட்சிக்கு வைத்த "குதிரைச் சந்தை" இரண்டரை மீற்றர் உயரமும் ஐந்து மீற்றர் நீளமும் உடையது. அதன்பொருட்டு அவர் ஆணுடை தரித்துப் பாரிஸ் குதிரைச் சந்தைக்குச் சென்று வரைந்து பழகினார். 1865 இற் பிரான்சின் உயர் விருதாகிய கௌரவப் படை விருதைப் பெற்ற முதற் பெண் ஓவியர் அவரே. திரொயோன் என்பாரும் 1855 இல், உழவுக்குச் செல்லும் எருதுகளைக் காலை ஒளியிற் பெருந்திரையில் வரைந்தார். விலங்கு பெருந்திரையேறியதைச் செல்வர் வெறுக்கவில்லை, விரும்பி வாங்கினர்.

மனிதன் அவ்வாறு ஏறியபோதோ நிலைமை வேறாயிற்று. கூர்பே வரைந்த "ஓர்நானில் ஓர் அடக்கம்" ஆறரை மீற்றருக்கு மேற்பட்ட நீளமுடையது. அதில் நிற்போர் வேந்தரல்லர். ஒரு சிற்றூரின் சாதாரண மக்கள். 1850-51 ஆம் ஆண்டுச் சலோனில் அதனைக் கண்டோர் பலர் அருவருப்பென்றும் அரசியலென்றும் தூற்றினர்.

நோர்மண்டியில் உழவர் குடியிற் பிறந்து, 1849 முதற் பார்பிசோன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த மில்லே, இவ்வேறுபாட்டைத் தம் வாழ்விலேயே கண்டார். 1857 இல் அவர் காட்டிய "கதிர் பொறுக்குவோர்" அளவிற் சிறியது. பின்னணியிற் கதிர்ப்போர்களும் நிறைந்த வண்டியும் குதிரைமீதமர்ந்த மேற்பார்வையாளனும் உளர். முன்னணியில், அறுவடைக்குப்பின் சிந்திய கதிரைக் குனிந்து பொறுக்கும் ஏழைப் பெண்கள் மூவர். அம்மூவரிலும் விமரிசகர் சிலர் புரட்சியின் நிழலைக் கண்டு அஞ்சினர். 1863 இற் காட்டிய "மண்வெட்டியுடைய மனிதன்" இன்னும் கடிய கண்டனத்திற்கு ஆளாயிற்று. அவனருகே எருதுமில்லை, கலப்பையுமில்லை. எருது செய்யவேண்டிய வேலையைத் தன் முதுகாற் செய்து, மூச்சு வாங்க மண்வெட்டியின்மேற் சாய்ந்து நிற்கின்றான்.

மறு ஆண்டில் அவரே வரைந்த, ஆட்டு மந்தையோடு நிற்கும் இடைச்சிப்பெண்ணின் ஓவியம் யாவராலும் பாராட்டப்பட்டது. அதே சலோனில், வயலிற் பிறந்த கன்றை இருவர் சுமந்துவரும் ஓவியமோ, திருப்பண்டத்தைச் சுமப்பவர்போல் நடக்கின்றனர் என எள்ளப்பட்டது. விலங்கின் அழகை ஏற்றுக்கொண்ட கண், அதனைச் சுமப்பவனுக்கு அளிக்கப்பட்ட கௌரவத்தை ஏற்க மறுத்தது.

மில்லே 1875 இல் இறந்தார். வயலில் நின்று வணங்கும் தம்பதியரைக் காட்டும் அவரது "திரிகாலச் செபம்" 1889 இல் 5,53,000 பிராங்கிற்கு ஏலம் போயிற்று. உழவன் இனி அச்சந் தருபவனல்லன் எனத் துணிந்த பின்னரே அவன் உருவம் பொன்னாயிற்று. இவ்வோவியங்களை ஆராய்வோர் அவற்றில் விலங்கு எங்கே நிற்கின்றது, எவனிடம் அது இல்லை என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். எருதுடையவன் யார், குதிரைமேல் இருப்பவன் யார், வெறுங்கையோடு குனிபவன் யார் என்னும் வினாக்களில் அந்நூற்றாண்டின் கிராமச் சரித்திரம் அடங்கியுள்ளது.