நாஞ்சில் நாட்டுச் செங்கற்சுவர்

நாஞ்சில் நாட்டின் கட்டடப் பெருமை சுசீந்திரத்துக் கருங்கல்லையும் பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையையும் பற்றியே பெரிதும் பேசப்படுகிறது. எளியவர் குடியிருந்த மண்சுவரும் ஓலைக்கூரையும் அப்பேச்சில் இடம்பெறுவது அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை திருவிதாங்கூர் ஆட்சியில் நாடார் முதலிய சமூகத்தினர் மாடிவீடு கட்டத் தடை இருந்தமையால், சுவர் எவ்வளவு உயரலாம் என்பது கைப்பொருளை மட்டுமன்றிச் சாதியையும் பொறுத்ததாயிற்று. தடைகள் தளர்ந்து செங்கல் வீடுகள் பெருகிய பின்னும், அவற்றைக் கட்டும் அறிவு கொத்தனார்களிடமே தங்கியது. சாந்து குழைத்துச் சட்டி சுமக்கும் கையாள் பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய பிறகே கரண்டி பிடித்தான்; வீட்டுக்காரரோ கூலி கொடுத்து வேடிக்கை பார்ப்பவராகவே இருந்தார்.

இந்நிலையை அசைத்தவர்களுள் லாரி பேக்கர் முதன்மையானவர். பர்மிங்காமில் பிறந்து 1945இல் இந்தியாவுக்கு வந்த இக்கட்டடக் கலைஞர், பின்னாளில் திருவனந்தபுரத்தில் தங்கி, பூசாத செங்கற்சுவர்களால் குறைந்த செலவில் வீடுகள் எழுப்பியதுடன், வீட்டுக்காரரே படித்துப் புரிந்துகொள்ளும்படி கையால் வரைந்த படங்களோடு சிறு கையேடுகளும் எழுதினார். 1972இல் ஏக்நாத் ரானடே நிறுவிய விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள அபிவிருத்தித் திட்டம், இத்தகைய சிக்கனக் கட்டுமான முறைகளுக்குக் கன்னியாகுமரியில் பயிற்சி அளித்துவருகிறது.

அவற்றுள் கற்பவரின் கையைச் சோதிப்பது எலிப்பொறிக் கட்டு, அதாவது செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, இரு முகங்களுக்கும் நடுவே ஏறத்தாழ மூன்று அங்குல வெற்றிடம் விட்டு, குறுக்குக் கற்களால் அவ்விரு முகங்களையும் பிணைத்துக் கட்டும் ஒன்பது அங்குலச் சுவர். செங்கல்லில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மிச்சமாவதோடு, உள்ளிருக்கும் காற்று வெயிலின் தாக்கத்தையும் தணிக்கிறது. ஆயினும் அடிவரியும் கதவு, சன்னல் ஓரங்களும் வெற்றிடமின்றியே கட்டப்பட வேண்டும். சாந்து உள்ளே விழாதபடி இடைவெளியின்மீது ஒரு மரச்சட்டத்தை வைத்துப் பரப்பி, ஒவ்வொரு வரி முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். சுவரின் முழு அகலத்துக்கும் சாந்தை அள்ளிப்போட்டுப் பழகிய கொத்தனாருக்கு இந்தச் சட்டம் இடையூறாகவே தோன்றும். கரண்டியை முதன்முறையாகப் பிடிப்பவருக்கோ மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை. கல்லை முன்னதாகவே நீரில் ஊறவைப்பது, மூலைகளை முதலில் எழுப்பி நூல் பிடிப்பது, தூக்குக்குண்டால் செங்குத்தும் ரசமட்டத்தால் கிடைமட்டமும் பார்ப்பது ஆகியவை எல்லாக் கட்டுக்கும் பொதுவானவை. இவற்றைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். திருகல் செங்கல்லைக் கையில் எடுத்ததுமே அதன் எந்த முகம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும் எனக் கண்டுகொள்ளும் கைப்பழக்கத்துக்கு அவ்வளவு காலம் போதாது. தோவாளைப் பக்கத்துச் சூளைகளில் வேகும் நாட்டுக்கல் அளவில் சிறிது முன்பின்னாக இருப்பதால், மெல்லிய மூட்டுகளையே நம்பி நிற்கும் எலிப்பொறிக் கட்டுக்கு அப்பழக்கம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.