மாஞ்சோலை போட்டோக்கள்: ஒரே வீட்டுல இருந்தா அது பேக்கப் இல்லை

"வீட்டு கம்ப்யூட்டரை பேக்கப் எடுக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது?" இந்தக் கேள்விதான் இன்னைக்கு எபிசோட். சாஃப்ட்வேர் பேரெல்லாம் கண்டிப்பா சொல்றேன். அதுக்கு முன்னாடி எதைக் காப்பாத்தணும், எப்படியெல்லாம் அது தொலையும்னு தெரிஞ்சுக்கணும். அதுக்கு ஒரு மலையில ஆரம்பிச்சு, ஆத்தோட சேர்ந்து கீழே இறங்கலாம்.

திருநெல்வேலி மாவட்டத்துல, மணிமுத்தாறு அணைக்கு மேல இருக்கு மாஞ்சோலை. 1929ல சிங்கம்பட்டி ஜமீன் அங்க சுமார் 8,373 ஏக்கரை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டின்னு தேயிலை எஸ்டேட்டுகள் வந்தது. குத்தகை முடியறது 2028ல. ஆனா 2024லயே கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்திருச்சு. தலைமுறை தலைமுறையா லயன் வீடுகள்ல வாழ்ந்த குடும்பங்கள் மலையை விட்டு இறங்க வேண்டியதாச்சு. சுத்தி இருக்கிறது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். தோட்டம் மறுபடியும் காடாகப் போகுது.

இப்ப யோசிச்சுப் பாருங்க. மெரினாவுல எடுத்த செல்ஃபி அழிஞ்சா, அடுத்த ஞாயித்துக்கிழமை போய் இன்னொண்ணு எடுத்துக்கலாம். லயன் வீட்டு வாசல்ல ஆச்சி நிக்கிற போட்டோ அழிஞ்சா? அந்த வாசலே இருக்காது. இறங்கி வந்த குடும்பங்களுக்கு அந்த ஊர் இனிமே ஒரு ஆல்பத்துலயும், ஒரு போன்லயும், ஒரு பழைய லேப்டாப்லயும்தான் இருக்கு. அதே ஃபோல்டர்லதான் பி.எஃப். பேப்பரும் சர்வீஸ் சர்டிஃபிகேட்டும் ஸ்கேன் பண்ணி வச்சிருப்பாங்க. பேக்கப்னு நாம பேசுறது இதைத்தான்.

மாஞ்சோலைப் பக்கம் பெய்யற மழை மணிமுத்தாறா இறங்கி, கல்லிடைக்குறிச்சி பக்கத்துல தாமிரபரணியில சேருது. அந்த ஆத்தங்கரையில பேக்கப் ஒண்ணும் புது விஷயம் இல்லை. பனை ஓலைச் சுவடி நிரந்தரமான பொருள் கிடையாது. பூச்சி அரிக்கும், ஓரம் ஒடியும், எழுத்து தேயும். அதனால தலைமுறைக்குத் தலைமுறை யாராவது உக்காந்து புது ஓலையில படி எடுத்தாகணும். எடுக்காத நூல் செத்துப்போச்சு. நம்ம ஹார்ட் டிஸ்க்கும் இதே ஜாதகம்தான், ஆயுசு மட்டும் ரொம்பக் கம்மி.

1880கள்ல உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி இந்தப் பக்கம் வந்தார். 'என் சரித்திரம்' படிச்சவங்களுக்கு ரெண்டு ஊர் மறக்காது. ஒண்ணு, இன்னைக்குத் தென்காசி மாவட்டத்துல இருக்கிற கரிவலம்வந்தநல்லூர். கோயில்ல நிறைய ஏடுகள் இருந்ததாக் கேள்விப்பட்டுப் போறார். பழசான ஏடுகளை நெய்யில தோய்ச்சு ஹோமத்துல போட்டாச்சுன்னு பதில் வருது. கெட்ட எண்ணத்துல யாரும் செய்யலை, சாஸ்திரம்னு நினைச்சு செஞ்சாங்க. இன்னைக்கு நாம "ஸ்டோரேஜ் ஃபுல்"னு வந்ததும் பழைய ஃபோல்டரை டெலீட் பண்றோமே, அதே மனசுதான்.

இன்னொண்ணு தாமிரபரணிக் கரையில ஆழ்வார்திருநகரி. பரம்பரையா ஏடு வச்சிருந்த கவிராயர் குடும்பங்கள் இருந்த ஊர். தேடிப்போன வீட்டுல கிடைக்காத பத்துப்பாட்டு, அவங்க உறவுக்காரர் வீட்டுல இருந்து வருது. 1889ல பத்துப்பாட்டு அச்சாச்சு. ஒரு படி இன்னொரு வீட்டுல இருந்தது, அவ்வளவுதான் விஷயம். எல்லாம் ஒரே இடத்துல இருந்த ஊர்ல ஒரே நாள்ல எல்லாம் போச்சு. நாலு வீட்டுல பிரிஞ்சு இருந்த ஊர்ல நூல் பிழைச்சது.

இதையே 2000களின் நடுவுல பீட்டர் க்ரோக்னு ஒரு அமெரிக்க போட்டோகிராஃபர் சுருக்கமா ஒரு விதியா எழுதினார். பேரு 3-2-1. மொத்தம் 3 பிரதி, 2 விதமான சாதனத்துல, அதுல 1 வேற ஊர்லயோ வேற கட்டடத்துலயோ இருக்கணும்.

அந்தக் கடைசி 1 எதுக்குன்னு அதே ஆறு 2023ல காட்டுச்சு. டிசம்பர் 17, 18ல திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள்ல பேய்மழை. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல சுமார் 95 செ.மீ. ஸ்ரீவைகுண்டத்துல ரயில் நகர முடியாம நின்னு, நூத்துக்கணக்கான பயணிகள் மாட்டிக்கிட்டாங்க. தண்ணி உள்ள வந்த ஒரு வீட்டை நினைச்சுக்கோங்க. மேஜைக்கு அடியில சிபியு, பீரோவோட கீழ்த்தட்டுல பேக்கப் ஹார்ட் டிஸ்க். ரெண்டு பிரதி இருக்கு, ரெண்டும் ஒரே தண்ணிக்குள்ள.

சரி, சாஃப்ட்வேருக்கு வருவோம். இங்கயும் ஒரு குட்டி வரலாறு இருக்கு.

1996ல ஆஸ்திரேலியாவுல ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கராஸ் ரெண்டு பேரும் ஆர்சிங்க் எழுதினாங்க. முழு ஃபைலையும் திரும்ப அனுப்பாம, மாறின பகுதியை மட்டும் அனுப்பும். மெதுவான இணைப்புல அது பெரிய வரம். 2007ல ஆப்பிள் டைம் மெஷின் கொண்டுவந்தது. டிஸ்க்கைச் சொருகினா போதும், போன வாரம் ஃபைல் எப்படி இருந்ததோ அப்படியே எடுக்கலாம். 2012ல விண்டோஸ் 8ல ஃபைல் ஹிஸ்டரி வந்தது. இதுக்கு நடுவுல 2008ல டிராப்பாக்ஸ். அங்கதான் நமக்கு ஒரு குழப்பம் ஆரம்பிச்சது.

டிராப்பாக்ஸ், கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் அடிப்படையில செய்யறது சிங்க். சிங்க்னா கண்ணாடி. இங்க அழிச்சா அங்கயும் அழியும். 2017 மே மாசம் வான்னாக்ரை வந்து உலகம் முழுக்க கம்ப்யூட்டர்களைப் பூட்டுச்சே, அந்த மாதிரி ஒரு ரான்சம்வேர் தாக்கினா, பூட்டின ஃபைலை உங்க சிங்க் ஒழுங்கா மேல ஏத்தி வச்சிடும். அவங்ககிட்டயும் குப்பைத்தொட்டி, பழைய வெர்ஷன் எல்லாம் இருக்கு, ஆனா கொஞ்ச நாளைக்குத்தான். 2021 ஜூன்ல கூகுள் போட்டோஸோட அளவில்லாத இலவச இடமும் முடிஞ்சுபோச்சு. அதனால சிங்க் வச்சுக்கோங்க, அதை மட்டும் நம்பாதீங்க.

இங்க சுவடிக்காரங்க இன்னொரு பாடம் வச்சிருக்காங்க. படி எடுக்கும்போது ஒரு எழுத்து தப்பினா, அதுல இருந்து எடுக்கிற எல்லாப் படியிலயும் அந்தத் தப்பு போகும். அதனாலதான் பதிப்பாசிரியர்கள் பல ஊர்ச் சுவடிகளைப் பக்கத்துல வச்சு பாடபேதம் பார்த்தாங்க. நமக்கு அந்த வேலையைச் செய்யறது ரெண்டு விஷயம். ஒண்ணு, பழைய வெர்ஷன்களை நீங்க சொல்ற காலம் வரைக்கும் வச்சிருக்கிறது. இன்னொண்ணு செக்சம், அதாவது எழுதும்போது இருந்த டேட்டாவும் இப்ப இருக்கிறதும் ஒண்ணுதானான்னு கணக்குப் போட்டுப் பார்க்கிறது.

தேர்வு இவ்வளவுதான். மேக் வச்சிருந்தா டைம் மெஷின். விண்டோஸ்னா ஃபைல் ஹிஸ்டரி போதும், விண்டோஸ் 11லயும் கன்ட்ரோல் பேனலுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. லினக்ஸ்னா டேஜா டூப். கொஞ்சம் டெக்னிக்கலா இறங்கத் தயார்னா ரெஸ்டிக், இல்ல கோபியா. ரெண்டும் இலவசம், ஓப்பன் சோர்ஸ். டேட்டாவை என்க்ரிப்ட் பண்ணும், ஒரே துண்டை ரெண்டு தடவை சேமிக்காது, செக்சமும் பார்க்கும். கிளவுடுக்கும் அனுப்பலாம், டிஸ்க்குக்கும் எழுதலாம்.

இப்ப மாஞ்சோலைல இருந்து அம்பாசமுத்திரம் பக்கம் குடியேறின ஒரு குடும்பத்துக்குத் திட்டம் போடுவோம். பழைய ஆல்பத்தை முதல்ல ஸ்கேன் பண்ணுங்க. நல்ல வெளிச்சத்துல போன்ல எடுத்தாலும் சரி. கல்யாண வீடியோ கேசட் இருந்தா உடனே டிஜிட்டலா மாத்துங்க, டேப் ஓட்டற மெஷின் கிடைக்கிறதே வருஷா வருஷம் குறையுது. எல்லாத்தையும் லேப்டாப்ல ஒரே ஃபோல்டர்ல சேருங்க. ரெண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்க. ஒண்ணு வீட்டுல, பேக்கப் ஓடாத நேரத்துல கழட்டி, கீழ்த்தட்டுல இல்லாம மேல் ஷெல்ஃப்ல. இன்னொண்ணு சென்னையிலயோ திருப்பூர்லயோ வேலை பார்க்கிற தம்பி வீட்டுல. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தம்பி ஊருக்கு வரும்போது டிஸ்க்கும் கூட வரட்டும், புதுசை ஏத்திக்கிட்டுத் திரும்பப் போகட்டும். முடிஞ்சா முக்கியமான பேப்பர்களை மட்டும் கிளவுட்ல இன்னொரு பிரதி. என்க்ரிப்ட் பண்ணியிருந்தா பாஸ்வேர்டைப் பேப்பர்ல எழுதி ரெண்டு பேர்கிட்ட கொடுங்க. அது தொலைஞ்சா ரெஸ்டிக் எழுதினவரே வந்தாலும் திறக்க முடியாது.

போட்டோவுக்கு விவரம் எழுதறதை விட்டுடாதீங்க. எந்த எஸ்டேட், எந்த வருஷம், நிக்கிறது யாரு. இது தெரிஞ்ச பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதணும். எந்த சாஃப்ட்வேராலயும் இதை அப்புறமா ரெக்கவர் பண்ண முடியாது. 1999 ஜூலை 23ல, மாஞ்சோலைத் தொழிலாளர்களோட கோரிக்கைக்காக திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலத்துல போலீஸ் தடியடி நடந்தப்ப, 17 பேர் தாமிரபரணிக் கரையில உயிரிழந்தாங்க. அப்படி ஒரு வரலாறு இருக்கிற ஊருக்கு, கம்பெனி ஃபைலும் கோர்ட் ஃபைலும் மட்டும் ஆவணமா மிஞ்சக்கூடாது. வீட்டுப் போட்டோவும் மிஞ்சணும்.

கடைசியா ஒரு வீட்டுப்பாடம். பேக்கப் எடுக்கிறவங்க நிறைய, திறந்து பார்க்கிறவங்க கம்மி. திறந்து பார்க்காத பேக்கப்பும், பரண்ல கட்டு அவிழ்க்காத சுவடியும் ஒண்ணுதான், உள்ள எழுத்து இருக்கா பூச்சி இருக்கான்னு தெரியாது. இந்த வாரம் உங்க பேக்கப்ல இருந்து ஒரே ஒரு பழைய போட்டோவை வேற கம்ப்யூட்டர்ல ரெஸ்டோர் பண்ணிப் பாருங்க. திறந்தா, அதை அந்தப் போட்டோவுல இருக்கிறவங்களுக்கே அனுப்பி வைங்க. அவங்ககிட்டயும் ஒரு பிரதி இருக்கட்டும்.