உலர்சாலை வீடான வரலாறு

இங்கிலாந்தின் தென்கிழக்கிலுள்ள கென்ற் மாவட்டத்தினூடாகப் புகைவண்டியிற் செல்லும் ஒருவர், பழத்தோட்டங்களின் நடுவே செங்கல்லாலான உருண்டைக் கோபுரங்களைக் காண்பார். கூரை கூம்பு வடிவினது. உச்சியில் வெண்ணிறம் பூசிய மரக்கூண்டு ஒன்று சற்றே சாய்ந்து நிற்கும். கோட்டையோ கோயிலோ என நேயர்கள் ஐயுறவேண்டா. பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹொப் என்னுங் கொடியின் பூக்களை உலர்த்துதற்கு உழவர் கட்டிய சாலைகள் அவை. ‘ஓஸ்ற்’ என்பது அவற்றின் பெயர். இன்றோ அவற்றுட் பலவற்றில் குடும்பங்கள் வாழ்கின்றன.

ஹொப் பயிர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலுக்கப்பாலுள்ள தாழ்நாடுகளிலிருந்து வந்தது. 1574இல் கென்றைச் சேர்ந்த ரெஜினோல்ட் ஸ்கொற் இப்பயிரைப் பற்றி எழுதிய நூலில் உலர்சாலையையும் விளக்கியுள்ளார். பறித்த பூவில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு நீர். காலந் தாழ்த்தினாற் புழுங்கிக் கெட்டுவிடும். ஆகவே தோட்டத்தருகிலேயே உலர்த்தல் வேண்டும். கீழே அடுப்பு, மேலே இடைவெளி விட்டு அடித்த மரச்சட்டத் தளம், அதன்மீது குதிரைமயிர்த் துணி, துணியின்மேற் பூ. வெப்பக்காற்று பூவை ஊடுருவிக் கூம்பின் வழியே வெளியேறும். உச்சிக்கூண்டு காற்றுக்குப் புறங்காட்டித் தானே திரும்பும், மழையும் உட்புகாது. தேயிலைத் தொழிற்சாலையிற் கொழுந்து வாட்டும் மாடியைக் கண்டவர்க்கு இம்முறை எளிதில் விளங்கும்.

வட்டச் சுவருக்குள் வெப்பஞ் சமமாகப் பரவும் என்று நம்பி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருண்டையாகக் கட்டினர். சதுரமுங் குறைந்ததன்று எனக் கண்டபின் மீண்டுஞ் சதுரத்துக்கே திரும்பினர். பிழையான அந்த நம்பிக்கையே அழகான கோபுரங்களை விட்டுச் சென்றது!

1878இல் இங்கிலாந்தில் 70,000 ஏக்கருக்கு மேல் ஹொப் விளைந்தது. பின்னர் அது சுருங்கிற்று. இரண்டாம் உலகப் போருக்குப்பின் பறித்தலும் உலர்த்தலும் இயந்திரத்துக்கு மாறவே, பழைய சாலைகள் வெறுமையாயின. அவற்றை வாங்கிக் குடியேற விழைந்தோர் முதலிற் கண்ட இடர் வட்டச் சுவரே. கட்டிலும் அலுமாரியும் அதனோடு ஒட்டி நில்லா. சாளரம் அருகிய சுவர். ஒளி வேண்டுமெனில் உடைத்தல் வேண்டும். அளவாகத் திறந்த வீட்டிற் பழைய சாலை இன்னுந் தெரிகிறது. மிகத் திறந்த வீடு துளையிட்ட பானை போலாகிவிடுகிறது. பூவை ஆறவிட்டு மூட்டையில் அமுக்கிய நீண்ட கட்டடமே வாழ்வதற்கு வாய்ப்பானது. கூடமும் படுக்கையறைகளும் பெரும்பாலும் அங்கேதான் அமைகின்றன. உச்சிக்கூண்டு பல வீடுகளில் வெறும் அணிகலனாய் நிற்கிறது.

1947ஆம் ஆண்டுச் சட்டம் வரலாற்றுக் கட்டடங்களைப் பட்டியலிட வழிவகுத்தது. 2014இல் இங்கிலாந்தில் வேளாண் கட்டடங்களை வீடாக்குவதற்கான விதிகள் தளர்த்தப்பட்டபோதும், பட்டியலில் உள்ளவற்றுக்கு அச்சலுகை அளிக்கப்படவில்லை. அது நன்றே.

ஆயினுங் காக்கப்பட்டது யாருடைய வரலாறு? செப்டெம்பர் தோறுங் கிழக்கு இலண்டனின் ஏழைக் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு பூப்பறிக்க வந்தன. எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல்லும் 1931இல் அவர்களோடு கூலிக்குப் பறித்தார். அவர்கள் உறங்கிய சிறு குடில்களை வீடாக்க விரும்புவார் அரியர், பெரும்பாலானவை அழிந்தன. உலர்சாலைகள் சிலவற்றின் மரப்பலகைகளிலோ, அக்காலத் தொழிலாளர் பென்சிலாற் குறித்த ஆண்டுகளும் மூட்டைக் கணக்குகளும் எஞ்சியுள்ளன. அறிந்த உரிமையாளர் அப்பலகைகளுக்கு வர்ணம் பூசுவதில்லை.