பட்டாணியை எண்ண முடிந்தது எப்படி?

ஆங்கில இலக்கணத்தில் பலரையும் பாடாய்ப் படுத்துவது கவுண்டபிள், அன்கவுண்டபிள் பெயர்ச்சொற்கள். உணவுப் பொருட்கள் வந்துவிட்டால் குழப்பம் இன்னும் அதிகம். அரிசியைக் குறிக்கும் 'ரைஸ்' எண்ண முடியாதது. பட்டாணியைக் குறிக்கும் 'பீஸ்' எண்ணக்கூடியது. இரண்டுமே சின்னச் சின்ன மணிகள்தானே? பிறகு ஏன் 'ரைசஸ்' என்று எழுதினால் மட்டும் மார்க் போகிறது?

பதில் இலக்கணத்தில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

லத்தீனில் பட்டாணிக்கு 'பிசும்' என்று பெயர். அது பழைய ஆங்கிலத்தில் 'பிசெ' ஆகி, பிறகு 'பீஸ்' ஆனது. முடிவில் உள்ள 'ஸ்' பன்மை விகுதி அல்ல, சொல்லின் ஒரு பகுதி. அந்தக் காலத்தில் காய்ந்த பட்டாணியை வேகவைத்துக் கூழாகக் குடித்தார்கள். அதனால் கோதுமையைப் போலவே பட்டாணியையும் மொத்தமாகச் சொல்லும் வழக்கம் இருந்தது.

ஆனால் கேட்பவர்களுக்கு அந்த 'ஸ்' பன்மை மாதிரியே தோன்றியது. 17-ம் நூற்றாண்டில் அதை வெட்டிவிட்டு ஒற்றைப் பட்டாணிக்குப் புதிய ஒருமைச் சொல் ஒன்றை உண்டாக்கிவிட்டார்கள்! செர்ரிக்கும் இதே கதைதான். நார்மன் பிரெஞ்சில் 'செரீஸ்' என்பது ஒருமை. ஆங்கிலேயர்கள் அதைப் பன்மை என்று நினைத்து 'செர்ரி' ஆக்கினார்கள். பிரெஞ்சில் இன்றும் ஒற்றைப் பழத்தின் பெயர் 'ஸெரீஸ்'தான்.

'ரைஸ்' மட்டும் எப்படித் தப்பியது? ஆங்கிலத்தில் உயிரொலிக்குப் பின் வரும் பன்மை விகுதி வண்டு ரீங்கரிப்பது போல ஒலிக்கும். 'பீஸ்', 'செரீஸ்' இரண்டின் முடிவிலும் அந்த ஒலிதான். 'ரைஸ்' முடிவதோ பாம்பு சீறும் ஒலியில். அது தப்பியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பழைய சொல் முழுதாக அழிந்துவிடவில்லை. வடகிழக்கு இங்கிலாந்தில் விரும்பிச் சாப்பிடும் 'பீஸ் புட்டிங்' என்ற பட்டாணி மசியலின் பெயரில் அது பழைய எழுத்துக்கூட்டலோடு இன்னும் வாழ்கிறது.

டேனிஷ் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1924-ல் வெளியிட்ட நூலில் எண்ணக்கூடிய சொற்களையும் மொத்தப் பொருட் சொற்களையும் பிரித்து விளக்கினார். ஆனால் அந்தப் பிரிவு பொருளின் உருவத்தை மட்டும் பார்ப்பதில்லை. கோதுமை எண்ண முடியாதது, ஓட்ஸ் பன்மை. இரண்டும் தானியம்தான்!

ஆக, விதியைத் தீர்மானித்தது தர்க்கம் அல்ல, பேசிய மக்களின் வாய். ஒருவர் செய்தால் பிழை; ஒரு நாடே செய்தால் அதுதான் இலக்கணம். அதற்காக நாளைய பரீட்சையில் 'ரைசஸ்' என்று எழுதிவிடக் கூடாது. அதற்கு இன்னும் நாடு தயாராகவில்லை!