நட்ட மரமும் நின்ற மரமும்



நான் பள்ளியில் பயின்ற காலத்தில் ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் மரம் நடுவிழா நடைபெறும். 1950-ஆம் ஆண்டில், நடுவணரசின் உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி தொடங்கிவைத்த வனமகோத்சவமே அது. விருந்தினர் கன்றை ஊன்றுவார். நாங்கள் கை தட்டுவோம். மறு ஆண்டு விழாவுக்கு அதே குழியை மீண்டும் தோண்டுவோம். முந்திய ஆண்டுக் கன்று பட்டுப் போயிருக்கும். அது ஏன் பட்டது என்று எவரும் வினவியதில்லை, நானும் வினவியதில்லை. அந்த வினாவின் அருமையை, வரலாற்று ஆசிரியனான பிறகு, கென்ய நாட்டின் கதையைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

கென்யா கிழக்கு ஆப்பிரிக்காவில், நிலநடுக்கோட்டின் மேல் அமைந்த நாடு. 1895-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் காப்பு நாடாகி, 1920-இல் குடியேற்ற நாடாகி, 1963-இல் விடுதலை பெற்றது. வளம் மிக்க மலைநாட்டு நிலங்களை வெள்ளையர் தமக்கென ஒதுக்கிக் கொண்டனர். காடுகள் அழிந்த இடங்களில் தேயிலையும் காப்பியும் பயிராயின. பைன், யூகலிப்டஸ் போன்ற அயல்நாட்டு மரங்களும் வளர்க்கப்பட்டன. விடுதலைக்குப் பின்னும் பணப்பயிர் ஆசை குறையவில்லை. காடு மேலும் சுருங்கியது.

அந்நாட்டின் நையரிப் பகுதியில், கிகூயு இனத்து உழவர் குடும்பத்தில், 1940-ஆம் ஆண்டில் பிறந்தவர் வங்காரி மாத்தாய். அவருடைய வீட்டுக்கு அருகே பெரிய அத்தி மரம் ஒன்று இருந்தது. அது கடவுளின் மரம். அதன் சுள்ளியைக்கூட விறகுக்கு எடுக்கலாகாது என்று தாய் சொல்லி வளர்த்தார். அம்மரத்தின் அருகே ஊற்றொன்று சுரந்து ஓடியது. வங்காரி உதவிச் சம்பளம் பெற்று அமெரிக்காவில் உயிரியல் பயின்றார். 1971-இல் நைரோபிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னாளில் தம் ஊருக்குச் சென்று பார்த்தபோது, அத்தி மரம் வெட்டப்பட்டிருந்தது, ஊற்றும் வற்றியிருந்தது. ஆழ ஊடுருவும் வேர்கள் நிலத்தடி நீருக்கு வழி திறந்து, மண்ணையும் கட்டிக் காத்தன என்ற உண்மை அவருக்கு விளங்கிற்று. முன்னோரின் நம்பிக்கைக்குள் ஓர் அறிவு ஒளிந்திருந்தது அன்றோ!

அக்காலத்தில் சிற்றூர்ப் பெண்கள் தங்கள் குறைகளை அவரிடம் கூறினர். விறகில்லை, நல்ல தண்ணீரில்லை, சத்துள்ள உணவில்லை என்றனர். இவை மூன்று குறைகளாகத் தோன்றினும் வேர் ஒன்றே. விறகு கிடைக்காத வீட்டில், நெடுநேரம் வேக வேண்டிய பயறும் கிழங்கும் அடுப்பேறுவதில்லை. விரைவில் ஆகும் சத்தற்ற உணவையே குழந்தைகள் உண்கின்றனர். மரமற்ற சரிவில் மழை மண்ணை அரித்துச் செல்கிறது, ஆறு சேறாகிறது. ஆதலின், மரம் நட்டால் என்ன என்று அவர் எண்ணினார்.

எண்ணியது எளிது, செய்தது எளிதன்று. அவருடைய முதல் முயற்சியில் நாற்றங்காலின் கன்றுகள் நீரின்றி வாடிப் போயின. 1977-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள், கென்யப் பெண்கள் தேசியப் பேரவையின் சார்பில், நைரோபியின் கமுகுஞ்சிப் பூங்காவில் ஏழு கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் இரண்டே நிலைத்தன. ஆனால், அங்கிருந்து எழுந்ததுதான் பசுமைப் பட்டை இயக்கம். ஆயிரம் கன்றுகளுக்குக் குறையாமல் வரிசையாக நட்டு, நிலத்துக்குப் பசுமையான கச்சை கட்டுவது போல் வளர்த்தமையால் அப்பெயர் ஏற்பட்டது.

நாட்டில் அன்று ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மக்கள் இருந்தனர். ஆளுக்கொரு மரம் என்பது அவருடைய குறிக்கோள். இதைக் கேட்ட வனத்துறையினர் நகைத்தனர். வேண்டிய கன்றுகளை இலவசமாகவே தருவதாக வாக்களித்தனர். ஓராண்டு நிறைவதற்குள் கன்றுகளின் தேவை பெருகி, அவ்வாக்கைக் காக்க இயலாமற் போயிற்று! மரம் வளர்க்கப் படிப்பு வேண்டும் என்றும் சிலர் கூறினர். பெண்களோ, உழவுத் தொழிலில் பழகிய தம் கைகளையே நம்பினர். அருகிலிருந்த மரங்களின் விதைகளைத் திரட்டினர். உடைந்த பானைகளில் முளைக்க வைத்தனர். பட்டம் பெறாத வனவர்கள் என்று வங்காரி அவர்களைப் பெருமையுடன் அழைத்தார்.

இவ்வியக்கத்தின் உயிர்நாடி ஒரு சிறு விதியில் இருந்தது. பிழைத்த கன்று ஒவ்வொன்றுக்கும் சிறு தொகை, அமெரிக்க நாணயக் கணக்கில் நான்கு சென்ட் அளவு, அப்பெண்களுக்கு வழங்கப்பட்டது. குழி தோண்டியதற்கு அன்று. கை தட்டியதற்கு அன்று. உயிரோடு நின்ற கன்றுக்கே கூலி. ஆகவே, நட்டவரே நீர் ஊற்றினர்; நட்டவரே ஆட்டுக்கு வேலி கட்டினர். என் பள்ளியில் இல்லாதிருந்தது இதுவே.

மரத்தைக் காக்கப் புகுந்தவர், பொது நிலத்தையும் காக்க வேண்டியவரானார். 1989-இல் நைரோபியின் உகுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழுப்ப ஆட்சியாளர் முனைந்தனர். வங்காரி எதிர்த்தார், பாராளுமன்றத்திலேயே அவரை இகழ்ந்தனர். எனினும் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1999 ஜனவரியில், தனியாருக்குப் பங்கிடப்பட்ட கரூரா காட்டில் கன்று நடச் சென்றபோது, அவர் தாக்கப்பட்டுக் குருதி சிந்தினார். 2004-ஆம் ஆண்டில் அமைதிக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அப்பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்மணி அவரே. 2011-இல் அவர் மறைந்தார். அவ்வியக்கம் நட்ட மரங்கள் ஐந்து கோடியைக் கடந்துவிட்டன.

மாணவ நண்பர்களே! இக்கதையைப் படித்த பின், நானும் என் மாணவர்களும் இருபது வேப்பங்கன்றுகளை நட்டோம். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பொறுப்பேற்றார். ஓராண்டு சென்றபின் எண்ணினோம், ஏழு நின்றன. விழாவில் இருபது என்று கூறலாமா என ஒரு மாணவன் கேட்டான். ஏழு என்றே கூறுவோம் என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால், மற்றப் பதின்மூன்றும் ஏன் பட்டன என்று அன்றே மாணவர்கள் ஆராயத் தொடங்கினர். என் பள்ளிப் பருவத்தில் எழாத வினா அன்று எழுந்தது.

நடுவது ஒரு நாள் வேலை. காப்பது பல்லாண்டு வேலை. அடுத்த ஆண்டு விழாவில் புதுக் குழி தோண்டுமுன், பழைய குழியைச் சென்று பாருங்கள்.