உறுமி அடிக்கிற பசங்களும் நம்ம கோயில் வாசலும்



போன திருவிழா முடிந்ததிலிருந்து நம்ம வாட்ஸ்ஆப் குழுவில் ஒரே பேச்சுதான். அடுத்த வருஷம் உறுமி மேளம் வேணுமா, வேணாமா? சத்தம் தாங்கலை, சினிமாப் பாட்டு அடிக்கிறாங்க, ஊர்வலம் தாமதமாகுது என்று சிலர். மேளம் இல்லாமல் காவடி எப்படி எடுப்பது என்று சிலர். அடுத்த கூட்டத்தில் முடிவு எடுக்கப் போகிறோம். அதற்கு முன்னால், நம்ம கோலசிலாங்கூர் வட்டாரத்துக் கோயில்களில் இத்தனை காலம் வாசித்தவர்கள் யார் என்பதை எழுதி வைக்கலாம் என்று தொண்டர்கள் நாங்கள் நினைத்தோம். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

ரப்பர் காடு போட்ட காலத்தில் கங்காணி கூட்டி வந்த சனங்கள் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடஆர்க்காடு பக்கத்து ஆட்கள். மூட்டை முடிச்சோடு சாமியும் வந்தது, சாமியை அழைக்கிற மேளமும் வந்தது. தப்பு, உடுக்கை, பம்பை, உறுமி. பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தென்னமரம் தோட்டம் எல்லாருக்கும் தெரியும். 1917இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அங்கேதான் தொடங்கியது. தொடங்கிய பிரெஞ்சுக்காரத் தொரை ஹென்றி ஃபோகோனியே பிற்பாடு மலாயா பற்றி ஒரு நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கினார். தொரை எழுதியது புத்தகமாக நிற்கிறது. அதே மண்ணில் மாரியம்மனுக்கு உடுக்கை அடித்துப் பாடியவர்கள் பாடியதை யாரும் எழுதி வைக்கவில்லை. அது காதோடு வந்தது, காதோடு போனது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு வாசித்தவர் எவரும் தொழில்முறைக் கலைஞர் இல்லை. விடியுமுன் பெரட்டில் பேர் கொடுத்து, மரம் வெட்டி, பால் எடுத்துக் கொட்டிவிட்டு வந்தவர்தான் சாயங்காலம் மேளத்தைத் தோளில் மாட்டினார். காப்புக் கட்டினால் அவருக்கும் விரதம்தான். கரகம் எடுப்பவர் அண்ணன், அடிப்பவர் தம்பி. கூலி என்று பேசியதில்லை. கோயில் சோறும், பெரியவர்கள் கொடுக்கிற சில காசும்தான்.

1938இல் இந்திய அரசு தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அடுத்து 1942இல் ஜப்பான்காரன் வந்தான். பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் சயாம் ரயில் பாதைக்குப் போனார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். மூச்சு விடுவதற்குள் 1948இல் அவசரகாலம். பல தோட்டங்களில் லயங்களைச் சுற்றி முள்கம்பி, ராத்திரி ஊரடங்கு. விடிய விடிய நடக்கிற கூத்தும் தீமிதியும் அந்த நிலையில் எப்படி முன்னைப் போல நடக்கும்? அவசரகாலம் 1960இல்தான் முடிந்தது. இத்தனைக்கும் பிறகு மேளம் பிழைத்திருக்கிறது என்றால், சொல்லிக் கொடுக்க ஒரு மாமாவும் கேட்டுக்கொள்ள ஒரு பையனும் அங்கங்கே இருந்ததால்தான்.

அப்புறம் வந்தது இசைக்குழுக் காலம். எங்களில் மூத்தவர்கள் கண்ணால் பார்த்தது இது. வானொலித் தமிழ்ப் பிரிவில் (இன்றைய மின்னல் எஃப்எம்) பாட்டு கேட்பார்கள். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். கொட்டகையில் விற்கிற பாட்டுப் புத்தகத்தை வாங்கி மனப்பாடம் செய்வார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு குழு கிளம்பியது. ஒரு ஆர்மோனியம், ஒரு டோலாக், எங்கிருந்தோ கொண்டு வந்த மாண்டலின், பாங்கோ. திருவிழாவின் கடைசி ராத்திரி லாரியின் பின்கதவை இறக்கினால் அதுதான் மேடை. ஜெனரேட்டர் சத்தத்தையும் மீறிப் பாட வேண்டும். பாட்டு பிடித்துவிட்டால் 'ஒன்ஸ்மோர்' என்று கூச்சல், பாடுகிறவர் சட்டையில் ஒரு வெள்ளி நோட்டைக் குத்திவிடுவார்கள். சுருதி தப்பினால் மறுநாள் பால் நிறுக்கிற இடத்தில் நாள் முழுக்க கிண்டல். முதல் பாட்டு மட்டும் எப்போதும் பிள்ளையாருக்கு, அடுத்தது அம்மனுக்கு. அதற்கப்புறம்தான் எம்.ஜி.ஆரும் சிவாஜியும். ஆக, கோயில் மேடையில் சினிமாப் பாட்டு நேற்று வந்த பழக்கம் இல்லை. நம்ம அப்பா, மாமா எல்லாரும் கைதட்டி ரசித்ததுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேடையில் ஆர்மோனியம் வாசித்தவருக்கு மாலை போட்டோம். கீழே நின்று தப்பு அடித்தவருக்கு? சில தோட்டங்களில் லயத்தையே சாதி பார்த்துப் பிரித்திருந்தார்கள். அவர் அடிக்காமல் சாமி இறங்காது, ஆனால் அவர் வாசலோடு நிற்க வேண்டும். தோல் மேளம் என்றால் சாவு மேளம், கௌரவமில்லாதது என்கிற எண்ணம் அப்படி வந்ததுதான். இன்றைக்கு "உறுமி கோயிலுக்கு ஆகாது" என்று நாம் பேசும்போது, உண்மையிலேயே சத்தத்தைச் சொல்கிறோமா, இல்லை அந்தப் பழைய எண்ணம் வேறு வேஷத்தில் வருகிறதா என்று மனசாட்சியைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சமயம் என்ன சொல்கிறது? காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தை எடுத்துப் பாருங்கள். ஈமக்காட்டில் ஆடுகிற பெருமானைச் சுற்றி முழங்கும் வாத்தியங்களை வரிசையாகச் சொல்கிறார் அம்மையார். வீணையும் உண்டு, தக்கை, மத்தளம், கரடிகை, தமருகம், குடமுழா என்று தோல் கருவிகளும் உண்டு. கரடி கத்துவது போல ஒலிப்பதால் அதற்குக் கரடிகை என்று பெயர் என்கிறார்கள் பழைய உரைகாரர்கள். நம்ம உறுமிக்கும் பெயர்க் காரணம் அதே மாதிரிதான். வளைந்த குச்சியால் ஒரு பக்கத்துத் தோலைத் தேய்த்தால் உறுமுகிறது, அதனால் உறுமி. வீணைக்கு ஒரு வாசல், தோல் கருவிக்கு ஒரு வாசல் என்று அம்மையார் பிரிக்கவில்லை.

பிறகு தோட்டங்கள் கலைந்தன. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், ஆள் தேவை குறைந்தது. நிலம் கைமாறியது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. பெஸ்தாரி ஜெயா பக்கம் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய 5 தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை வருஷம் போராடினார்கள் என்பது நமக்குத் தெரியும். சனங்கள் ரவாங், கிள்ளான், ஷா ஆலம் என்று தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். லாரி மேடை இசைக்குழுக்கள் பல அத்தோடு நின்றுபோயின. ஆர்மோனியம் பழகியவர் ஒரு ஊர், டோலாக் அடித்தவர் ஒரு ஊர்.

அந்த இடைவெளியில் எழுந்ததுதான் இன்றைய உறுமி மேளம். எஸ்பிஎம் முடித்த பையன், லாரி ஓட்டுகிறவன், பேக்டரியில் ஷிப்ட் பார்க்கிறவன் எல்லாரும் காசு போட்டு உறுமியும் பம்பையும் தவிலும் வாங்கி, ஒரே நிறத்தில் சட்டை தைத்துக்கொண்டு வருகிறார்கள். முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் காளியம்மாளுக்கும் சொந்தமாகப் பாட்டு கட்டுகிறார்கள். தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடியோடு நடக்கிற மேளங்களில் பாதிப் பேருடைய தாத்தாவைக் கேட்டால், ஏதாவது ஒரு தோட்டத்துப் பேரைத்தான் சொல்வார். நாதஸ்வரத்துக்குத் தமிழகத்திலிருந்து ஆள் வரவழைக்கிறோம், பெர்மிட்டுக்கு அலைகிறோம். நம்ம மண்ணிலேயே, நம்ம பிள்ளைகளே கற்றுக்கொண்டு வாசிப்பது இது.

குறை இல்லை என்று சொல்லவில்லை. தீபாராதனை நேரத்திலும் நிறுத்தாமல் அடிப்பது தப்பு. அம்மன் முன்னால் குத்துப்பாட்டு தப்பு. குடித்துவிட்டு மேளத்தைத் தொடுவது பெரிய தப்பு. ஆனால் விரதம் இருந்து அடிக்க வேண்டும் என்று அந்தப் பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அவன் தாத்தாவுக்குச் சொல்ல ஒரு லயமே இருந்தது. இவனுக்கு யூடியூப்தான் இருக்கிறது. மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் போட்டிகளைப் பாருங்கள். பிள்ளைகள் தேவாரம் பாடுகிறார்கள் என்றால், உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க ஒருவர் இருக்கிறார், பாட ஒரு மேடையும் இருக்கிறது.

அதனால் கூட்டத்தில் தொண்டர்கள் நாங்கள் வைக்கப் போவது இதுதான். மேளத்தை நிறுத்த வேண்டாம். காப்புக் கட்டும் நாளிலேயே பசங்களுக்கும் காப்புக் கட்டுவோம். எந்தப் பாட்டு, எத்தனை மணி வரை என்பதை முன்கூட்டியே அவர்களோடு உட்கார்ந்து பேசுவோம். ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்புக்குப் பிறகு ஒரு மணி நேரம், பழைய அடி தெரிந்த பெரியவர்களை வைத்துச் சொல்லிக் கொடுப்போம். திருவிழா முடிந்ததும் அவர்களை உள்ளே அழைத்து, அம்மன் சந்நிதியில் மாலை மரியாதை செய்வோம். இது வாசலோடு நின்றுபோன அந்தத் தாத்தாமார்களுக்கும் சேர்த்து.

புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், தஞ்சோங் காராங், உலு சிலாங்கூர் பக்கத்து அன்பர்களே, உங்கள் தோட்டத்தில் அந்தக் காலத்தில் வாசித்தவர்கள் யாராவது இன்னும் இருந்தால் போய்ப் பாருங்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை, ஒரு அடி அடித்துக் காட்டச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். அதை எங்களுக்கு அனுப்புங்கள், பசங்களுக்குப் போட்டுக் காட்டுகிறோம்.

அம்மன் துணை.